கீறல் வாளும் ஒரு தாயின் கவலையும்



உங்கள் வகுப்பறையிலோ வீட்டிலோ வெள்ளைப் பலகையால் செய்த அலமாரி ஒன்று இருந்தால், அதன் கீழ்த்தட்டின் அடிப்பக்க விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பல அலமாரிகளில் அந்த விளிம்பு எலி கடித்தாற்போல் பொடிப்பொடியாகப் பெயர்ந்திருக்கும். பெயர்ந்த இடங்களில் வெண்மைக்குக் கீழே இருக்கும் பழுப்பு நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நாம் வாங்கும்போது முன்பக்கத்தையும் விலையையும் மட்டுமே பார்ப்பதால் இது கண்ணில் படுவதில்லை. பார்த்தவர்களும், "மட்டமான பலகை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றம் பலகையின்மேல் இல்லை. அதனை அறுத்த விதத்தில் இருக்கிறது. அறுக்கும் இயந்திரத்தில் ஒரு சிறிய வாள் இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய அளவில் இல்லாமற் போனதன் அடையாளமே அந்தப் பொடிந்த விளிம்பு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு வாளைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் என்னிடம் ஆறாம் ஆண்டில் படித்தவர். இப்போது இருபத்தொரு வயது இளைஞர். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு, எங்கள் ஊர்ப் பக்கத்தில் சமையலறை அலமாரிகள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்து இரண்டரை ஆண்டுகளாக வேலை செய்து வருகிறார். தாயாரின் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்.

"ஐயா, அவனை அந்த வேலையை விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பான்."

காரணத்தை நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அந்த இளைஞரின் தந்தையை எனக்குத் தெரியும். பலகை ஆலையில் வேலை செய்த காலத்தில் வலக்கையின் இரண்டு விரல்களை இழந்தவர். பள்ளியின் பெற்றோர் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ஒரே வீட்டில் இரண்டாவது கையையும் இப்படிப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? "நான் முதலில் போய்ப் பார்க்கிறேன் அம்மா, பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போனேன். முதலாளி ஒரு சீனர். அவரோடு நான்கு பேர் வேலை செய்கிறார்கள். நடுக்கூடத்தில், நகரும் மேசை பொருத்திய பெரிய அறுவை இயந்திரம் நின்றது. இவ்வகை இயந்திரத்தை 1906-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்ட்டன்டோர்ஃப் என்ற செருமானியர் வடிவமைத்தார். பலகையைக் கையால் தள்ளாமல் மேசையோடு நகர்த்தும் அந்த ஏற்பாடு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. என் முன்னாள் மாணவர் என்னைக் கண்டதும், செய்துகொண்டிருந்த வேலையை முடித்து, இயந்திரத்தை அணைத்து, பிறகே வணக்கம் சொன்னார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

"ஐயா, பெரிய பிளேட்ட எல்லாரும் பார்ப்பாங்க. வேலையோட அழகு இந்தச் சின்ன பிளேட்டுலதான் இருக்கு," என்று மேசையின் பிளவுக்குள் சுட்டிக் காட்டினார்.

குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. பெரிய வாள் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் விட்டம். அதற்குச் சற்று முன்னால், மேசைக்குள் ஒளிந்தாற்போல, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய இன்னொரு வாள். விட்டம் 120 மில்லிமீட்டர். மேசைக்கு மேலே அது தலைகாட்டுவது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். பட்டறைகளில் இதனை 'ஸ்கோரிங் பிளேட்' என்றோ, 'சின்ன பிளேட்' என்றோ சொல்கிறார்கள். அதன் வேலை அறுப்பது அன்று, கீறுவது. ஆகவே இங்கே நான் 'கீறல் வாள்' என்று எழுதுகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் அறிந்தோர் சொன்னால் மகிழ்வேன்.

ஏன் கீறவேண்டும்? பெரிய வாளின் பற்கள் பலகையின் மேல்முகத்தில் நுழைந்து அடிமுகத்தின் வழியே வெளியேறுகின்றன. நுழையும் இடம் சுத்தமாக இருக்கும். வெளியேறும் இடத்தில்தான் சிக்கல். மெலமின் என்பது பிசின் ஊறிய தாளைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் பலகைமேல் ஒட்டிய மெல்லிய தோல். கடினமானது, ஆனால் கண்ணாடியைப் போல் நொறுங்கக்கூடியது. பல் உள்ளிருந்து வெளியே தள்ளும்போது அந்தத் தோலுக்குப் பின்புறம் தாங்க ஒன்றுமில்லை, ஆகையால் பெயர்கிறது. கீறல் வாளோ எதிர்த் திசையில் சுழல்கிறது. அதன் பற்கள் அடிமுகத்தில் வெளியிலிருந்து உள்ளே, பலகையின் உடலை நோக்கி நுழைகின்றன. தோலுக்குப் பின்னால் பலகை இருந்து தாங்குவதால் தோல் பெயர்வதில்லை. இப்படி முன்னரே வெட்டிவைத்த மெல்லிய வாய்க்காலுக்குள் பெரிய வாளின் பல் வந்து இறங்கும்போது, அது பெயர்க்க அங்கே தோல் இல்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் உயிர்நாடி அகலம். பெரிய வாள் 3.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுக்கிறது என்றால், கீறலும் 3.2 அல்லது அதைவிட ஒரு முடியளவு கூடுதலாக, பக்கத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். குறைந்தால் ஓரம் பொடியும். மிகுந்தால் பலகையின் ஓரத்தில் ஒரு படிபோல் விழுந்து, விளிம்புப் பட்டை ஒட்டும்போது இடைவெளி தெரியும். சமையலறையில் அந்த இடைவெளி வழியே நீர் புகுந்து பலகை உப்பிப் போகும். அகலம் சரியாக இருந்தும் இரு வாள்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் பொடிந்தும் வரும். "எந்தப் பக்கம் பொடியுதுன்னு பார்த்தா, எந்தப் பக்கம் தள்ளணும்னு தெரிஞ்சிடும்" என்றார் அவர். ஒரு துண்டுப் பலகையைச் சோதனைக்கு அறுத்து, இரு விளிம்புகளையும் சாளரத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகத்தால் வருடிப் பார்த்து, இயந்திரத்தின் திருகைச் சிறிதளவு திருப்பி, மீண்டும் அறுத்தார். மூன்றாவது துண்டில்தான் அவருக்கு மனநிறைவு ஏற்பட்டது. எனக்கு இரண்டாவதே குறையற்றதாகத் தெரிந்தது.

அகலத்தை மாற்றுவது எப்படி? இங்கே பயன்படும் கீறல் வாள் ஒன்றல்ல, இரண்டு. முகத்தோடு முகம் பொருந்தும் இரு மெல்லிய வட்டுகள். அவற்றுக்கிடையே தாளைப் போன்ற வளையங்களை வைத்தோ எடுத்தோ 2.8 முதல் 3.6 மில்லிமீட்டர் வரை அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வளையம் 0.1 மில்லிமீட்டர் தடிப்பு. ஏறக்குறைய நம் மாணவர்களின் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தாள். வட்டுகளைப் பிரித்துச் சேர்க்கும்போது நடுவில் ஒரு துகள் மரத்தூள் சிக்கினாலும் வாள் தள்ளாடிச் சுழலும், கீறல் அகன்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் இரு முகங்களையும் துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்த பிறகே சேர்க்கிறார். பெரிய தொழிற்சாலைகளின் இயந்திரங்களில் வேறொரு வகை உண்டு. பற்கள் சரிவாகச் சீவப்பட்டு, வாளை உயர்த்தினால் கீறல் அகலும், தாழ்த்தினால் குறுகும். அதுபற்றி அவர் கேள்விப்பட்டதுதான், கையாண்டதில்லை.

இந்த இடத்தில் என் தாயாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டப்புறத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர். பட்டையில் ஒவ்வொரு நாளும் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். பாற்குழல்கள் மிகுந்திருப்பது மரத்தை ஒட்டிய உட்பட்டையில். எனவே கத்தி ஆழமாகப் போகவேண்டும். ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள வளர்படலத்தைத் தொட்டுவிடக் கூடாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட வேண்டும். தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு கத்தி ஓடாது. விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றியவர்கள் நம் தாய்மார்கள். அவர்களை 'கைநாட்டு' என்று சொன்னவர்களும் நம்மிடையே இருந்தார்கள். மாலையில் அம்மா தீட்டுக்கல்லில் கத்தியை வைத்துத் தேய்க்கும் ஓசை எங்கள் லயத்து வீட்டில் நாள் தவறாது கேட்கும். மழை நாளில் மரம் வெட்ட முடியாது என்றாலும் கத்தி மட்டும் தீட்டப்படும்.

பட்டறையில் கிடந்த பலகைகளில் பெரும்பகுதி ரப்பர் மரத்துகள்தான் என்று முதலாளி சொன்னபோது வியப்பேதும் ஏற்படவில்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை முன்பு விறகாக எரித்தார்கள். 1980-கள் முதல் அவை தளவாடப் பொருள்களாகி ஏற்றுமதியாகின்றன. மூவார் வட்டாரத் தொழிற்சாலைகள் பலவும் அந்த மரத்தை நம்பியே வளர்ந்தன. அந்த இளைஞரின் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தாம்.

கீறல் வாளின் பற்கள் எஃகு அல்ல. எஃகு வட்டின் விளிம்பில், டங்ஸ்டன் கார்பைடுத் துண்டுகள் வெள்ளி கலந்த பற்றவைப்பால் ஒட்டப்பட்டிருக்கின்றன. டங்ஸ்டனும் கரியும் சேர்ந்த பொடியை, கோபால்ட் என்ற உலோகத்தைப் பசைபோல் கலந்து சூட்டில் இறுக்கிச் செய்வது இது. வரலாறு சுவையானது: மின்விளக்குக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையை இழுப்பதற்கு அக்காலத்தில் வைரத்தால் ஆன அச்சுகள் தேவைப்பட்டன. அவை விலை மிகுந்தவை. அதற்கு மாற்றாக, செருமனியின் ஓஸ்ராம் விளக்கு நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் ஷ்ரோட்டர் 1923-இல் இந்தக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு குருப் நிறுவனம் அதனை 'வீடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போன்றது' எனப் பொருள்படும் செருமானியத் தொடரின் சுருக்கம் அது. கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் கடினமானது எல்லாம் உறுதியானது என்று எண்ணிவிடக் கூடாது. கைதவறிச் சிமிட்டித் தரையில் விழுந்தால் எஃகு வளையும், கார்பைடு உடையும். கழற்றிய வாளை இரும்பு மேசைமேல் வெறுமனே வைக்கும் பழக்கத்தை அவர் பட்டறையில் நிறுத்திவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பலகையில் தனித்தனிக் காடி வெட்டி, அதில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

இவ்வளவு கடினமான பல் எதனால் தேய்கிறது? மரத்தால் அன்று. சிப்போர்டில் மரத்துகள்களை ஒட்டும் பிசினும் அதில் கலந்திருக்கும் நுண்மணலும்தான் பல்லைத் தின்கின்றன. போதாக்குறைக்குப் பிசின் சூடேறிக் கருகிப் பல்லின் பக்கங்களில் கறுப்பாகப் படிந்துவிடும். படிவு ஏறிய வாள் மழுங்கிய வாளைப் போலவே நடந்துகொள்ளும். பலர் இதை அறியாமல் சாணைக்கு அனுப்பிக் காசை வீணாக்குகிறார்கள் என்றார். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சவர்க்கார நீரிலோ, வாளுக்கென்றே விற்கும் கழுவுநீரிலோ சிறிது நேரம் ஊறவைத்து, பித்தளை அல்லது நைலான் தூரிகையால் தேய்த்து, உடனே உலர்த்தி, எஃகு வட்டில் துளி எண்ணெய் பூசுகிறார். அடுப்புக் கரி நீக்கும் கடுங்காரக் கரைசல் கூடாது. அது பல்லில் உள்ள கோபால்ட்டை அரிக்கும். தீ காட்டிப் பிசினை எரிப்பது அதைவிடக் கேடு. பற்றவைப்பு இளகிப் பல் கழன்றுவிடலாம்.

உண்மையாகவே மழுங்கியதை எப்படி அறிவது? அகலமும் நேர்கோடும் சரியாக இருந்தும் ஓரம் பொடியத் தொடங்கினால், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பல்லின் நுனியைப் பார்க்கிறார். கூரிய பல்லின் முனை ஒளியைத் திருப்பித் தராது. மழுங்கிய முனையில் வெள்ளிக் கோடுபோல் ஒரு மினுக்கம் தெரியும். அதைப் பார்த்ததும் அனுப்பிவிட வேண்டும். இழுத்தடித்தால், பிறகு கூராக்கக் கூடுதலாகத் தேய்க்க நேர்ந்து வாளின் ஆயுள் குறையும். சாணை பிடிப்பதற்கு வைரச் சக்கரம் வேண்டும். பட்டறையில் உள்ள சாதாரணச் சாணைக்கல் உதவாது. அந்தத் தூளும் நல்லதன்று. கோபால்ட் கலந்த கார்பைடுத் தூள் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. இதற்கென உள்ள கடைகளில் குளிர்நீர் பாய்ச்சித்தான் செய்கிறார்கள்.

சாணையிலிருந்து பெரிய வாள் திரும்பி வரும்போதுதான் கீறல் வாளுக்கு வேலை வரும். பற்களின் பக்கங்கள் உட்புறமாக ஒடுங்கிச் செல்வதால், தேய்க்கத் தேய்க்கப் பல் குறுகுகிறது. அதற்கேற்ப வளையத்தை எடுக்கவேண்டும். இதையெல்லாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார்.

அதைப் படித்தபோது சற்று நேரம் பேச முடியவில்லை. "பெரிய பிளேட் சாணைக்குப் போய் வந்தது. 3.2 இருந்தது, இப்போ 3.1. சின்ன பிளேட்டில் ஒரு வலையம் எடுத்தேன். இடது பக்கம் பொடிந்தது, கால் சுற்று தள்ளினேன், சரி." பக்கத்துக்குப் பக்கம் நாளும் அளவும் போட்டு, தமிழில். 'வளையம்' எல்லா இடத்திலும் 'வலையம்' என்றுதான் இருந்தது. ஆறாம் ஆண்டில் கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்குமேல் நகராத பிள்ளை இவர். முதலாளிக்குத் தமிழ் தெரியாது, உடன் வேலை செய்பவர்களில் இருவர் வங்காளதேசத்தவர், இதை யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்குத்தான் ஐயா. வேற மொழியில எழுதுனா மெதுவா வருது" என்றார்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள கீறல் வாள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,000 முறை சுழல்கிறது. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 0.377 மீட்டர், நிமிடத்துக்கு 3,000 மீட்டருக்குமேல், மணிக்கு 180 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையின் வேகவரம்பு 110. விரிசல் கண்ட ஒரு பல் கழன்றால் அந்த வேகத்தில்தான் பறக்கும். படிவம் இரண்டில் வட்டம் கற்பிக்கும்போது இதனைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தாயார் அஞ்சியது இதைத்தானே. ஆகவே, அவர் வாளை மாற்றும்போது என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் மிகவும் கூர்ந்து பார்த்தேன். முதலில் இயந்திரத்தின் பொத்தானை அணைத்தார். பிறகு சுவரில் உள்ள முதன்மை விசையை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியைத் தம் பையில் வைத்துக்கொண்டார். அணைத்த பிறகும் வாள் சில நொடிகள் ஓசையின்றிச் சுழலும். பக்கத்து இயந்திரத்தின் இரைச்சலில் அது நின்றுவிட்டது என்று ஏமாறக்கூடும். கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே மூடியைத் திறந்தார். கீறல் வாள் சிறியது, மேலே தெரிவது இரண்டு மில்லிமீட்டர் என்பதாலேயே பலர் அதற்கு அஞ்சுவதில்லை. அது பலகை நகரும் திசையிலேயே சுழல்வதால், தனியாக ஓடும்போது பலகையைக் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போகவும் கூடும்.

இந்தப் பூட்டு இலேசில் வரவில்லை. தொடக்கத்தில் முதலாளி, இரண்டு நிமிட வேலைக்கு ஐந்து நிமிடம் வீணாகிறது என்று கடிந்திருக்கிறார். அப்பாவின் கையைப் பற்றிச் சொன்ன பிறகு அவரே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தாராம். எல்லா முதலாளிகளும் அப்படி இருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. பெற்றோர்கள் ஒன்றை அறிந்து வைத்திருப்பது நல்லது: 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. சில விலக்குகள் தவிர ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களும், சிறு பட்டறைகள் உட்பட, இப்போது அதற்குள் அடங்கும். உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

அன்று மாலையே அந்தத் தாயாரைச் சந்தித்தேன். விடச் சொல்லுங்கள் என்று கேட்டவரிடம், தொடரச் சொல்லுங்கள் என்று அறிவுரை கூற எனக்கு மனமில்லை. இழந்த விரல்கள் என் வீட்டுக்காரருடையவை அல்லவே. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பூட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் இடைமறித்தார்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அவரிடமே இருக்கிறது அம்மா."

"தினமுமா?"

"நான் இருந்தது ஒரு நாள்தான். மற்ற நாள்களை நீங்களே போய்ப் பாருங்கள்."

அடுத்த சனிக்கிழமை அவர் போயிருக்கிறார், கணவரையும் அழைத்துக்கொண்டு. இரண்டு மணி நேரம் அங்கிருந்த தந்தை எதுவும் பேசவில்லையாம். புறப்படும்போது மட்டும், பலகையைத் தள்ளும் கட்டை குட்டையாக இருக்கிறது, நீளமாக ஒன்று செய்துகொள் என்று சொன்னாராம். மறுநாளே அது செய்யப்பட்டுவிட்டது. தாயாரின் அச்சம் முழுவதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றும் மாலை ஆறு மணிக்கு மகனுக்கு அழைத்து விடுகிறார்.

பெற்றோர்களுக்குப் பயன்படும் செய்தி இன்னொன்று. வேலை அனுபவம் உள்ளவர்கள், செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து, மதிப்பீட்டின் வழி மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை இதனை 'பெங்ஙிக்தீராஃபான் பென்சப்பாயான் தெர்டாகூலு', சுருக்கமாகப் பி.பி.தி. என்று அழைக்கிறது. அந்தக் குறிப்பேட்டைக் காட்டிலும் நல்ல சான்று வேறு என்ன இருக்கப் போகிறது? கோப்பு மலாயில் இருந்தால் நல்லது என்பதால், வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் என் வீட்டுக்கு வருகிறார். அவர் படிக்க, நான் மலாயில் எழுதுகிறேன். அளவுகளை அவரே சரிபார்க்கிறார். இதுவரை பதினான்கு பக்கங்கள் முடிந்துள்ளன. 'வலையம்' என்பதை நான் திருத்தவில்லை. ஏழாம் பக்கத்தில் அவரே ஒரு புள்ளி வைத்துவிட்டு, மேலே 'ள' என்று எழுதிக்கொண்டார்.